எந்த ஆர்கனைத் திருப்பித் தரச் சொல்கிறீர்கள்?

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, அச்சுப்பிழையால் நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று சரிபார்க்க. அச்சு சுத்தமாகத்தான் இருந்தது.

அவருடைய வாதம் இது. அரிஸ்டீட் கவாயே-கோல் என்ற மேதை 1868-இல் அந்த வாத்தியத்தை முழுமையாக்கிக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கிள்ளியும் ஒட்டியும் அதைக் கெடுத்தார்கள். 2019 தீ விபத்துக்குப் பிறகு குழல்களெல்லாம் கீழே இறங்கியிருந்தபோது, இடையில் சேர்ந்ததைக் கழித்துக்கட்டி 1868-க்கே போயிருக்க வேண்டும். போகாதது கோழைத்தனம். இதைச் சொல்ல அவருக்கு ஆறு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. பாதிப் பக்கங்கள் 'தூய்மை' என்ற சொல்லுக்கே போய்விட்டன.

முதலில் தகவல். தீயில் ஆர்கன் குழல்கள் உருகி, புதிதாக வார்க்கப்பட்டன என்று எழுதியிருக்கிறார். ஒரு குழல்கூட உருகவில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது கூரையும் ஊசிக் கோபுரமும். ஆர்கன் இருப்பது மேற்கு வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில். தீ அங்கே போகவில்லை, தீயணைப்புத் தண்ணீரும் பெரிதாகப் போகவில்லை. போனது ஈயத் தூசி. கூரைத் தகடுகள் எரிந்து எழுந்த அந்த மஞ்சள் தூள் குழல்களுக்குள்ளும் காற்றுப் பெட்டிகளுக்குள்ளும் படிந்தது. அதற்காகத்தான் 2020 ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை, 115 ஸ்டாப்களை, அதாவது குழல் வரிசைகளை, சேர்ந்த சுமார் 8,000 குழல்களையும் கழற்றி இறக்கிப் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் நனைந்து கெட்டது பாடகர் பகுதியில் இருந்த சிறிய ஆர்கன். அது வேறு வாத்தியம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சாவுக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருக்கிறார் நம் கட்டுரையாளர்.

இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் எந்த ஆர்கன் நனைந்தது என்று தெரியாதவர், எந்தக் குழலை வீசுவது என்று யோசனை சொல்கிறார். அதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி அந்த 'மூலம்'. அந்த மேற்கு மாடத்தில் முதல் பெரிய ஆர்கன் ஏறியது 1403-இல். இன்று படங்களில் நாம் பார்க்கும் மரப் பேழை 1733-இல் பிரான்சுவா தியெரி ஆர்கனைப் புதுப்பித்தபோது வந்தது. அடுத்துக் கைவைத்தவர் பிரான்சுவா-ஹென்றி க்ளிக்கோ. 1780-களில் அதைப் பெரிதாக்கி, குரலை மாற்றிவிட்டார். க்ளிக்கோ வேலையை முடித்த ஈரம் காய்வதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பேழையில் செதுக்கியிருந்த அரச லில்லி மலர்களைச் சுரண்டி எடுத்தார்கள், வாத்தியத்தை விட்டுவிட்டார்கள். அங்கே வாசித்துக்கொண்டிருந்த பால்பாஸ்த்ர் சாமர்த்தியக்காரர். புரட்சிப் பாட்டான மார்செயேஸையே விசைப்பலகைக்கு ஏற்றபடி அமைத்து வெளியிட்டவர். ஆர்கன் பிழைத்ததற்கு இப்படிப்பட்ட சமயோசிதமும் ஒரு காரணம் என்பார்கள்.

ஆக, கவாயே-கோல் மாடத்தில் ஏறியபோது அங்கே காலி இடம் இல்லை. தியெரியின் பேழைக்குள் க்ளிக்கோவின் ஆர்கன் நின்றது. அந்தக் காலத்தின் தலைசிறந்த பிரெஞ்சு ஆர்கன் தச்சர் செய்தது. கவாயே-கோல் என்ன செய்தார்? காற்றுப் பெட்டிகளை மாற்றினார். காற்றழுத்தத்தை மாற்றினார். வாசிப்பவரின் முதுகுப் பக்கம் மாட விளிம்பில் இருந்த சிறு பேழை காணாமல் போனது. விசைகளின் இயக்கம் முழுவதும் புதிதாயிற்று. பழைய குழல்களில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, அவற்றையும் தன் காதுக்கு இசைவாகத் திருத்திப் புதியவற்றோடு கலந்து 86 ஸ்டாப்களாக்கினார். 1868 மார்ச் 6 அன்று செசார் ஃபிராங்க், சேன்-சான்ஸ், கில்மான், இளம் வீடோர் என இசைஞர்கள் எல்லோரும் வந்து வாசித்து அதைத் தொடங்கிவைத்தார்கள்.

நம் கட்டுரையாளர் அன்று பாரிஸில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இதே கட்டுரையைத்தான். ஆண்டை மட்டும் மாற்றியிருப்பார். க்ளிக்கோவின் தூய வாத்தியத்தை இந்த நீராவி யுகத்து எந்திரக்காரன் கெடுத்துவிட்டான், 1788-க்குத் திரும்புவோம் என்று. க்ளிக்கோ காலத்தில் பிறந்திருந்தால் தியெரிக்காக அழுதிருப்பார். எந்தக் காலத்தில் பிறந்தாலும் முந்தைய மாற்றம் புனிதம், அடுத்த மாற்றம் பாவம். இதற்கு வரலாற்றுணர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்.

கட்டுரையில் லூயி வியர்ன் இரண்டு இடங்களில் வருகிறார், 1868-இன் காவலராக. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். வியர்ன் 1900-இலிருந்து 1937வரை அங்கே ஆர்கன் இசைஞர். கண்பார்வை ஏறக்குறைய இல்லாதவர். அவருடைய ஆறு ஆர்கன் சிம்ஃபனிகளில் ஐந்தை அந்தப் பதவியில் இருந்தபோது எழுதினார். அந்த மனிதர் 1927-இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி வாசித்தார், ஆர்கனைச் சீரமைக்கப் பணம் திரட்ட. அந்தச் சீரமைப்பு 1932-இல் முடிந்தது. சில வரிசைகள் மாறின, சில புதிதாகச் சேர்ந்தன. கேட்டது வியர்ன். 1868-ஐ அப்படியே காத்தவர் என்று நம்மவர் சிலை எழுப்பும் மனிதரே, அதை மாற்றக் கடல் கடந்து கையேந்தியவர். 1937 ஜூன் 2 அன்று, அங்கே அவர் அளித்த 1,750-ஆவது நிகழ்ச்சியின்போது, அந்த விசைப்பலகையின் முன்னாலேயே இறந்தார். கால் மிதிப்பலகையில் விழ, ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பார்கள். அந்தச் சுரம் ஒலித்தது மாற்றப்பட்ட ஆர்கனில்.

இப்போது, கட்டுரை முழுக்கத் தொடாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆர்கன் என்றால் குழல். மற்றதெல்லாம் குழலுக்குக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. ஆர்மோனியம் பார்த்தவர்களுக்குத் துருத்தியும் காற்றும் தெரியும். ஆனால் அதில் ஒலிப்பது உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு. ஆர்கனிலும் நாக்குக் குழல்கள் உண்டு. பெரும்பகுதி குழல்களில் நாக்கே கிடையாது. புல்லாங்குழலைப் போல வாய் மட்டும்தான். குழலின் பாதத்தில் ஒரு துளை. அதன்வழி காற்று ஏறி, கீழுதட்டுக்கும் உள்ளே இருக்கும் தட்டைத் தகட்டுக்கும் இடையே உள்ள நூலிழை இடைவெளியில் பிதுங்கி, மேலுதட்டில் மோதுகிறது. அந்த மோதலில் பிறப்பதுதான் குரல்.

அந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது ஒரு மனிதனின் கையிலுள்ள சின்னக் கத்தி. வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகம் மிருதுவானது, கத்தியால் சீவலாம். மேலுதட்டை ஒரு முடியளவு உயர்த்திச் சீவினால் குரலின் கூர்மை மங்கித் திரட்சி கூடும். உள்தகட்டின் விளிம்பில் சிறு கீறல்கள் போட்டால் குரல் எழும்போது வரும் சீறல் அடங்கும். பாதத் துளையைப் பெருக்கினால் சத்தம் ஏறும். சுருதியைக் கூட்ட வேண்டுமானால் குழலின் தலையை வெட்டலாம். நாக்குக் குழல் என்றால் பித்தளை நாக்கின் வளைவைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வார்கள். இதில் சிலவற்றைத் திரும்பப் பெறலாம். பெருத்த பாதத் துளையைத் தட்டிச் சுருக்கலாம். ஆனால் சீவிய உதடு வளராது. வெட்டிய தலை முளைக்காது. பற்றவைத்து ஒட்டலாம், ஒட்டியது பழையது ஆகாது.

ஒரு ஆர்கனில் நடந்த மாற்றங்களை எடைபோட என்னிடம் உள்ள கேள்வி ஒன்றுதான்: அது குழலின் வாயைத் தொட்டதா? தொடாத மாற்றத்தை நாளைக்கே எடுத்துவிடலாம். தொட்ட மாற்றம் நிரந்தரம். எந்த ஆண்டில் நடந்தது, எவ்வளவு நவீனம் என்பதெல்லாம் பிறகு.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 1868-க்குத் திரும்பும் திட்டத்தைப் பாருங்கள். குறைந்தது 29 வரிசைகளை வீச வேண்டும். மீதியிருக்கும் குழல்களில், 1868-க்குப் பிறகு குரல் திருத்தப்பட்டவற்றை எல்லாம் மறுபடி திருத்த வேண்டும். எந்தக் குரலுக்கு? 1868-இன் ஒலி யாருடைய காதிலும் மிச்சமில்லை. எடிசனின் ஃபோனோகிராஃப் வரவே இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஆக, இன்றைய தச்சர் ஒருவர், இன்றைய காதோடு, கத்தியை எடுத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து உதடுகளைச் சீவுவார். அந்த ஆர்கனின் கதையிலேயே மிகப் பெரிய, மீட்க முடியாத மாற்றம் அதுவாகத்தான் இருக்கும். அதன்மேல் 1868 என்று சீட்டு ஒட்டிவிட்டால் மாற்றமே இல்லை என்று ஆகிவிடுமா?

ஓவியத்தின் மேல் பூசிய பிற்கால வண்ணத்தை நீக்குவது போலத்தான் இதுவும் என்கிறார். ஓவியத்தில் அடியில் மூல வண்ணம் இருக்கும். சீவப்பட்ட உதட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? காற்று.

அடுத்தது அவருடைய கணினி வெறுப்பு. 1992-இல் ஆர்கனுக்குள் கணினி புகுந்தது என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒலிப்பதே பாதி மின்னணு ஒலி என்கிற அளவுக்குப் போய்விட்டார். ஐயா, அந்தக் கணினி ஒரு சுரத்தைக்கூட எழுப்பியதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது, எந்த ஸ்டாப் இழுக்கப்பட்டது என்ற செய்தியைக் காற்றுப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. தபால்காரர் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியதற்காகக் கடிதத்தின் கையெழுத்து மாறிவிட்டது என்று யாராவது புகார் செய்வார்களா? 2014-இல் அந்தக் கணினியையே தூக்கிவிட்டுப் புதிய ஏற்பாடும் புதிய விசைப்பலகை மேசையும் வைத்தார்கள். எந்தக் குழலுக்கும் வலிக்கவில்லை.

விரலுக்கும் குழலுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்துவிட்டதே என்று அவர் கேட்பதில் சரக்கு இருப்பதுபோல் தோன்றும். மரச் சட்டங்கள் மட்டும் உள்ள பழைய ஆர்கனில், விசையை எவ்வளவு மெதுவாக அழுத்துகிறோம் என்பது குழலுக்குக் காற்றை விடும் கவாடம் திறக்கும் விதத்திலேயே தெரியும். உண்மை. ஆனால் நோத்ர தாமில் அந்தத் தொடர்பை அறுத்தது யார்? கவாயே-கோல்! பார்க்கர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த நெம்புகோலை 1841-இல் சான் தெனி ஆலயத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் புகுத்தியவர் அவர்தான். ஒவ்வொரு விசைக்கும் ஒரு குட்டித் துருத்தி. விரல் அந்தத் துருத்தியைத் தூண்டும், துருத்தி மிச்சச் சுமையை இழுக்கும். பெரிய ஆர்கனின் விசைகள் கனமாக இருந்ததால் இது வரமாக வந்தது. 1868 ஆர்கனிலும் அதுவே இருந்தது. அதாவது நம்மவர் கண்ணீர்விடும் அந்த நேரடித் தொடர்பு, அவர் திரும்பிப் போகச் சொல்லும் ஆண்டிலேயே இல்லை.

பியர் கோஷெரோவிடம் வரும்போது மட்டும் நான் சற்று நிதானிக்கிறேன். 1955-இலிருந்து 1984-இல் இறக்கும்வரை அங்கே வாசித்தவர், கணத்தில் இசையைப் படைப்பதில் அவருக்கு இணையானவர் அரிது. அவர் காலத்தில்தான் மின் இயக்கம் வந்தது. கவாயே-கோலின் விசைப்பலகை மேசை கழற்றப்பட்டது, அமெரிக்க பாணியில் ஒரு மேசை வந்து உட்கார்ந்தது. புதிய வரிசைகள், முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைவாட்டு எக்காளக் குழல்கள் எல்லாம் சேர்ந்தன. சில கலவை வரிசைகளின் குரலும் மாற்றப்பட்டது. அந்த மேசையும் பார்க்கர் இயக்கமும் போனது இழப்புதான். ஃபிராங்கும் வியர்னும் கைவைத்த விசைகள் அவை. அதற்காக யாராவது வருத்தப்பட்டால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்படுவேன். கலவை வரிசைகளைத் தொட்டது எனக்கும் உவப்பில்லை. என் கேள்வியில் அது தேறாது.

ஆனால் கோஷெரோவை நாசக்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளை என்ன செய்யப்போகிறார்? இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உலகம் நோத்ர தாம் ஆர்கன் என்று கேட்டு மயங்கியது அந்தச் சத்தத்தைத்தான். 1868 ஒரு வரலாறு என்றால் அதுவும் வரலாறு. ஒன்றுக்குக் கிரீடம், இன்னொன்றுக்குக் குப்பைத் தொட்டி என்று பிரிக்கும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தார்கள்?

சான் சுல்பீஸ் ஆலயத்தைப் பாருங்கள் என்கிறார். பார்க்கலாம், நோத்ர தாமிலிருந்து ஆற்றைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் போதும். 1862-இல் கவாயே-கோல் கட்டிய நூறு ஸ்டாப் ஆர்கன், கிட்டத்தட்ட அன்று இருந்தபடியே. காரணம் கொள்கை அல்ல, ஆயுள். வீடோர் 1870-இலிருந்து 1933வரை அங்கே உட்கார்ந்திருந்தார், அடுத்து வந்த மார்செல் துப்ரே 1971வரை. நூறு ஆண்டுகளுக்கு இரண்டே பேர். இருவருக்கும் அந்த ஆர்கன் பிடித்திருந்தது. அப்படியும் மிதிப்பலகைக்கு இரண்டு ஸ்டாப்கள் சேர்ந்துவிட்டன. இன்னொன்று: அந்த 'தூய' ஆர்கனுக்குள் 1781-இல் க்ளிக்கோ செய்த குழல்கள் நிறைய இருக்கின்றன. தொடாத கவாயே-கோல் வேண்டுமென்றால் அசல் அங்கே நிற்கிறது. அதன் போலிநகல் ஒன்றை இருபது நிமிட தூரத்தில் செய்து வைக்க எதற்கு நோத்ர தாமைப் பலி கொடுக்க வேண்டும்?

ஹாம்பர்க் யாக்கோபி ஆலயத்தையும் இழுத்திருக்கிறார். ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் முடித்த 60 ஸ்டாப் ஆர்கன். 1720-இல் பாக் அங்கே வேலை கேட்டுப் போனார். ஆலயத்துக்கு 4,000 மார்க் கொடுத்த வேறொருவர் வேலையை வாங்கிக்கொண்டார். (ஆர்கன் உலகில் தூய்மை பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் கொஞ்சம் பேசலாம்.) முதல் உலகப் போரில் முகப்புக் குழல்களைப் போர்த் தளவாடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் போரில் மீதிக் குழல்களைக் கழற்றிப் பாதுகாப்பறையில் வைத்தார்கள். 1944-இல் பேழை எரிந்தது, குழல்கள் பிழைத்தன. 1993-இல் யூர்கன் ஆரெண்ட் அதை ஷ்னிட்கரின் நிலைக்குக் கொண்டுவந்தார். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேழையும் இல்லை, காப்பாற்றத்தக்க பிற்கால இசை மரபு ஒன்றும் அந்த வாத்தியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. குழல்கள் இருந்தன. இருந்ததிலிருந்து கட்டினார். அந்தக் குழல்களில் ஒரு பகுதி ஷ்னிட்கர் செய்ததே அல்ல, அவருக்கு முந்தைய தச்சர்களின் ஆர்கனிலிருந்து அவர் எடுத்துப் போட்டுக்கொண்டவை. ஷ்னிட்கரின் மூலத்தைக் கிளறினாலும் அடியில் இன்னொருவரின் குழல்தான் கிடைக்கிறது.

'மூலத்துக்குத் திரும்பு' என்ற கோஷத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு, அது நம்மவருக்குத் தெரியாது போலும். 1906-இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிரெஞ்சு, ஜெர்மன் ஆர்கன் கலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தொழிற்சாலை ஆர்கன்களைச் சாடி, பழைய வாத்தியங்களைக் காக்கச் சொன்னார். அவர் மாதிரியாக உயர்த்திப் பிடித்தவர்களில் கவாயே-கோலும் ஒருவர். அதிலிருந்து கிளம்பிய இயக்கம் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் என்ன செய்தது? பாக் காலத்து ஒலிதான் தூயது என்று முடிவுகட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்கன்களைக் கிழித்தது. பிரான்ஸில் எத்தனையோ கவாயே-கோல் ஆர்கன்களின் காற்றழுத்தம் குறைக்கப்பட்டது, குழல்கள் அறுக்கப்பட்டன, கனத்த வரிசைகள் வெளியேறி மெல்லிய கீச்சு வரிசைகள் புகுந்தன. ஹாலந்தின் ஹார்லெமில் 1738-இல் முல்லர் முடித்த புகழ்பெற்ற ஆர்கனும் 1961-இல் மூலத்தை மீட்கிறோம் என்றபடி சீரமைக்கப்பட்டது. இன்று காது கூர்மையானவர்கள் அதில் 1960-களின் ரசனையைக் கேட்கிறார்கள். கவாயே-கோலின் வாத்தியங்களை அதிகம் சிதைத்தது நவீனம் பேசியவர்கள் அல்ல. தூய்மை பேசியவர்கள். கட்டுரையாளர் கையில் எடுத்திருப்பது அதே கத்தி, பிடி மட்டும் வேறு.

கோழைத்தனம் என்றாரே, தீக்குப் பிறகு நடந்த அந்த வேலையில் என்ன செய்தார்கள்? ஈயத்தைத் துடைத்தார்கள். காற்றுப் பெட்டிகளின் தோலை மாற்றினார்கள், ஏனென்றால் ஆட்டுத் தோல் நூற்றாண்டுகள் தாங்காது. மின் இணைப்புகளைப் புதுப்பித்தார்கள். 2023-இல் குழல்கள் மாடத்துக்குத் திரும்பின. 2024-இல் பகலெல்லாம் கட்டட வேலைச் சத்தம் என்பதால், இரவுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு குழலாகக் கேட்டுக் குரலும் சுருதியும் சேர்த்தார்கள், மாதக்கணக்கில். பேராலயம் மீண்டும் திறந்த டிசம்பர் 7 அன்று பேராயர் உல்ரிக் எட்டு முறை ஆர்கனை விளித்தார், எட்டு முறையும் அது பதில் சொன்னது. அந்தப் பதிலில் தியெரி, க்ளிக்கோ, கவாயே-கோல், வியர்ன் கேட்டு வாங்கியது, கோஷெரோ சேர்த்தது, 2014-இல் வந்தது எல்லாம் இருந்தன.

அடுத்த முறை குழல்களை இறக்கும்போதாவது இந்தத் தவறைத் திருத்த வேண்டும் என்று கட்டுரையை முடித்திருக்கிறார். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரே நிபந்தனை. ஏணியில் அவரே ஏறட்டும். மிதிப்பலகையின் நாக்குக் குழல்கள் நிற்கும் இடத்துக்குப் போகட்டும், வீச வேண்டிய முதல் குழலை அவரே கையில் எடுக்கட்டும். எடுத்தபிறகு, அது யார் செய்த குழல், யார் அதன் குரலைத் திருத்தியது என்று கீழே நிற்கும் எங்களுக்குச் சொல்லிவிட்டு வீசட்டும்.